குற்றம் லென்ஸ் மேல்

ஹம்மாதி என் படத்தை மேஜையில் வைத்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தான். கோளாறு அவன் கண்ணாடியில்தான் என்று எனக்குக் காட்டுகிறானாம். பத்தொன்பது வருடமாக அவனுடைய பத்திரிகையின் திங்கட்கிழமை விளையாட்டுப் பக்கத்துக்கு நான்தான் படம் கொடுக்கிறேன். "நஜுவா, படம் மங்கலா இருக்கு" என்று நேராகச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"இது நாலாவது வாரம்," என்றான் கடைசியில்.

"லென்ஸ்," என்றேன்.

"போன வாரமும் லென்ஸுன்னுதான் சொன்னே."

"போன வாரமும் அதே லென்ஸ்தானே இருந்துச்சு? ஒரு வாரத்துல அது திருந்திடுமா?"

அவன் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கைப்பந்துக் கோப்பை இறுதி ஆட்டம், கையால் எறிந்து கோல் போடுகிற ஹேண்ட்பால். அதற்கு அனிஸை அனுப்பலாம் என்று யோசிக்கிறேன் என்றான். அனிஸ் பத்திரிகையின் இன்னொரு போட்டோகிராஃபர், இருபத்தாறு வயது. நல்ல பையன், நல்ல கண். அதெல்லாம் இருக்கட்டும். கோல் வலைக்குப் பின்னால் வலது மூலையில் பத்தொன்பது இறுதி ஆட்டங்களுக்குத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவள் நான். ஆறடி ஆள் ஆகாயத்தில் எகிறிப் பந்தை என் முகத்துக்கு நேராக விட்டெறிவான். அந்தக் கணத்தில் நான் கண்ணை மூடியதில்லை. என்னைப் போய் மேஜைக்குப் பின்னால் படம் பொறுக்க உட்கார வைக்கப் பார்க்கிறான்.

"புதன்கிழமை வரைக்கும் எனக்கு டைம் குடு," என்றேன். "லென்ஸ் மேலதான் குத்தம்னு நிரூபிச்சுட்டா ஞாயித்துக்கிழமை நான் போறேன். இல்லேன்னா அனிஸ் போகட்டும்."

"சத்தியமா?"

"நான் என்னைக்குச் சொன்ன சொல்லை மாத்தினேன்?"

லென்ஸ் எப்படிக் கெட்டது என்றும் எனக்குத் தெரியும். பைக்கில் போய்ப் படம் எடுக்கிற எவரைக் கேட்டாலும் முதல் பாடமாக இதைத்தான் சொல்வார்கள்: லென்ஸைப் பின் கேரியரில் கட்டாதே, முதுகில் போடு, இல்லை மடியில் வை. ஒற்றை சிலிண்டர் இன்ஜின் நூறு மைல் அதிர்ந்தால் லென்ஸுக்குள் இருக்கும் பொடி திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். உள்ளே கண்ணாடி ஒரு முடியளவு சாய்ந்தாலும் போதும், படம் பாழ். இதை ஆயிரம் பேருக்குச் சொன்ன நான் குளிர்காலத்தில் ஒரு நாள் முதுகுவலி என்று பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு கஸ்ரீன் வரைக்கும் போய் வந்தேன். அந்த ரோடு ரோடே இல்லை. அன்றைக்குச் செய்த தப்பு இன்றைக்குத் தலையில் விடிகிறது என்று எனக்குத் தீர்மானமாகத் தெரிந்தது. தெரிந்தது என்ன, அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

கடலோர ஊரான மஹ்தியாவில் ஹாஜி உஸ்மானின் காமிராக் கடை இருக்கிறது. இந்தப் பக்கத்து மூன்று மாவட்டங்களில் லென்ஸை வெளியே எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு வா என்று நம்பிக் கொடுக்கிற ஆள் அவர் ஒருவர்தான். நம்பிக்கைக்கு நிபந்தனையும் உண்டு. அடையாள அட்டை அவர் மேஜையறையில் இருக்க வேண்டும். லென்ஸ் மஹ்தியாவின் கடல்முனையைத் தாண்டக் கூடாது. ஒரு மணிக்கு அவர் சாப்பிடக் கடையைச் சாத்துவதற்குள் லென்ஸ் திரும்பி வந்துவிட வேண்டும். ஆகவே புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் எங்கள் ஊர் கைருவானிலிருந்து கிளம்பினோம். பைக் என்னுடையது, ஓட்டுவதும் நான். பின்னால் என் புருஷன் தய்யிப். அவன் மடியில் என் பழைய லென்ஸ்.

"பிள்ளையப் புடிக்கிற மாதிரி புடிச்சுக்கோ," என்றேன்.

"நம்ம பிள்ளைங்களை நான் இவ்வளவு பத்திரமாப் புடிச்சதில்லையே."

"அதான் ரெண்டும் உன்ன மாதிரி வளர்ந்திருக்கு."

தய்யிப் தபால் ஆபீசில் கவுண்டரில் இருக்கிறான். எனக்காக ஒருநாள் லீவு போட்டிருந்தான். நல்ல பாரம் உள்ள ஆள். வளைவுகளில் அவன் சாயாமல் நெட்டுக்குத்தாக உட்காருவதால் பைக் என் பேச்சைக் கேட்காது. "சாயுடா மனுஷா!" என்று கத்திக்கொண்டே ஓட்ட வேண்டும். வழி நெடுக ஆலிவ் மரம், சப்பாத்திக்கள்ளி வேலி, மறுபடி ஆலிவ் மரம். எல் ஜெம் தாண்டும்போது ஒரு கடையிலிருந்து காப்பி வாசனை வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன்.

ஏனென்றால் அன்றைக்குக் காலையிலிருந்து நான் காப்பி குடிக்கவில்லை. சோதனை என்றால் சுத்தமாக இருக்க வேண்டும். காப்பி குடித்தால் கை படபடக்கும், அப்புறம் எவனாவது அதைச் சாக்காகச் சொல்வான். காப்பி குடிக்காத நஜுவாவிடம் பேச்சுக்கொடுக்கத் தெம்பு வேண்டும். தய்யிப்புக்கு அது உண்டு, இருபத்துமூன்று வருஷத்துப் பழக்கம். சொல்லப்போனால் நான் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை. வீட்டில் காப்பி போடுவது அவன்தான், கொஞ்ச நாளாக அரை கிளாஸ்தான் ஊற்றுகிறான். கேட்டால் விலைவாசி என்று ஒரு பாட்டுப் பாடுவான். கஞ்சப்பயல்.

ஒன்பது மணிக்கு ஹாஜி உஸ்மான் ஷட்டரைத் தூக்கும்போது நாங்கள் வாசலில் நின்றோம். என் லென்ஸைப் போலவே பயன்படுகிற இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று புத்தம் புதிது. இன்னொன்று யாரோ கல்யாண போட்டோகிராஃபர் விற்றுவிட்டுப் போனது, உடம்பெல்லாம் கீறல், கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருந்தது.

"ரெண்டும் முத்து," என்றார். "கடல் தண்ணி ஒரு சொட்டுப் பட்டாலும் எனக்குத் தெரிஞ்சிடும். நக்கிப் பாப்பேன்."

"பாருங்க ஹாஜி, உப்புக் காரமெல்லாம் சரியா இருக்கும்," என்றேன். அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

பழைய துறைமுகத்துப் பக்கம் போனோம். பாறையைக் குடைந்து வெட்டிய சிறிய துறை. தாண்டினால் கடலோரம் சரிவெல்லாம் வெள்ளைக் கல்லறைகள், அதற்கு மேலே கலங்கரை விளக்கு. ஒரு வீட்டின் வெள்ளைச் சுவரில் அன்றைய பத்திரிகைத் தாள் ஒன்றை நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினேன். பதினைந்து அடி எண்ணி நின்றேன். விளையாட்டு ஹாலில் வெளிச்சம் மட்டம், அதனால் ஷட்டர் வேகத்தைக் குறைத்துத்தான் வைப்போம். இங்கே கண்ணைக் குத்துகிற வெயில். இருந்தாலும் அதே வேகத்தை வைத்து, லென்ஸின் வாயைச் சுருக்கி, அதே நிலைமையை உண்டாக்கிக்கொண்டேன். ஏமாற்றக் கூடாது பாருங்கள். காமிரா வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது, அதைச் சந்தேகப்பட இடமே இல்லை. லென்ஸ் ஒன்றை மாட்டி, மூச்சைப் பிடித்து, பத்துப் படம் எடுப்பது. கழற்றி அடுத்ததை மாட்டுவது. தய்யிப் முதுகைக் காற்றுக்குக் காட்டி நின்று, மணல் உள்ளே போகாமல் சட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டான்.

முதலில் என் பழையது. காமிராவின் பின்பக்கத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். தலைப்பு தெரிந்தது. கீழே பொடி எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி கலங்கிக் கிடந்தது.

"பாத்தியா!" என்றேன். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "பாத்தியா, நான் சொன்னேன்ல? திருகாணி!"

அடுத்து, புத்தம் புதிய லென்ஸ். அதிலும் எறும்பு.

மூன்றாவது, கல்யாண லென்ஸ். அதிலும் எறும்பு.

தய்யிப் சட்டையைப் பிடித்தபடியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கடலைப் பார்க்கிற ஆளே இல்லை, மீன் தட்டில் வந்தால்தான் பார்ப்பான்.

"பைக்," என்றேன். "ரெண்டரை மணி நேரமா ஹேண்டில்பாரைப் புடிச்ச கை. இன்னும் விறுவிறுன்னு இருக்கு. கொஞ்சம் ஆறட்டும்."

"ஆறட்டும்," என்றான்.

கல்லறைகளுக்கு நடுவே நடந்தோம், கலங்கரை விளக்கு வரைக்கும் போய்த் திரும்பினோம். கையை உதறினேன், நீட்டினேன், மடக்கினேன், அக்குளில் வைத்துச் சூடு பண்ணினேன். முக்கால் மணி நேரம் ஆனது. மறுபடி சுவர் முன்னால் நின்று முப்பது படம் எடுத்தேன். முப்பதும் அப்படியே. அதில் இரண்டு சுமார் என்று சொல்லலாம், அதுவும் அதிர்ஷ்டம்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. வந்திருக்கவே வேண்டாம்.

"நீ எடு," என்று காமிராவைத் தய்யிப்பிடம் நீட்டினேன். என் பழைய லென்ஸ் மாட்டியிருந்தது.

"நானா? எனக்கு என்னம்மா தெரியும்?"

தெரியாதுதான். எங்கள் மூத்தவள் கல்யாணத்தில் அவன் எடுத்த எல்லாப் படத்திலும் மாப்பிள்ளைக்குத் தலை கிடையாது. அதனால்தான் கொடுத்தேன். என் லென்ஸ் கெட்டது என்பதை இந்த மடையன் கையாலேயே நிரூபித்துவிடலாம் என்று ஒரு கணக்கு.

"அந்தப் பேப்பரைப் பாத்து அமுக்கு. அவ்வளவுதான்."

அவன் காலை அகட்டி நின்றான். கண்ணைச் சுருக்கினான். நாக்கு நுனி வெளியே வந்தது. மூன்று தடவை அமுக்கினான். காமிராவை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பத்திரிகை கோணலாக இருந்தது, பாதி சுவர்தான் படத்தில். ஆனால் எழுத்து! கீழ்க்கோடியில் அச்சகத்து முகவரி, அதற்குக் கீழே தொலைபேசி எண், ஒவ்வொரு இலக்கமும் ஊசியால் குத்தினது போல இருந்தது. என் லென்ஸில். கெட்டுப்போன என் லென்ஸில்!

"உன்ன யாரு இவ்வளவு நல்லா எடுக்கச் சொன்னது?" என்று கத்தினேன்.

"நீதானே…"

"வாய மூடு."

வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துக்கொள்ளட்டும். பத்திரிகையைச் சுவரிலிருந்து ஒரே இழுப்பாகக் கிழித்தேன். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும், இரண்டும் அக்கா தங்கை மாதிரி. மற்ற இரண்டு லென்ஸையும் மாட்டி அவனை எடுக்கச் சொன்னேன். எடுத்தான். மூன்று லென்ஸும் தங்கம். இருபத்தைந்து வருடமாகத் தபால் முத்திரை குத்திய கை அது, பாறை மாதிரி நிற்கிறது.

சோதனை முடிந்துவிட்டது. இனிமேல் காப்பி குடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சதுக்கத்து மரத்தடியில் நாற்காலி போட்டிருந்த கடைக்குப் போய் உட்கார்ந்தோம். காப்பி வந்தது. கடைக்காரன் தாராள மனசுக்காரன், விளிம்பு வரை ஊற்றியிருந்தான். நான் கிளாஸை எடுத்தேன். வாய்க்கு வருவதற்குள் காப்பி விரலில், மணிக்கட்டில், பாவாடையில். கீழே வைத்தேன், தட்டில் கடகடவென்று சத்தம் வந்தது. மறுபடி எடுத்தேன். மறுபடி கொட்டியது.

வீட்டில் இப்படி ஒரு நாளும் கொட்டியதில்லையே என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் தய்யிப்பின் முகத்தைப் பார்த்தேன். அவன் சர்க்கரைக் கட்டியை உறையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தான். ஒரு சர்க்கரைக் கட்டியைப் பிரிக்க அவ்வளவு நேரமா ஆகும்?

"அரை கிளாஸ்," என்றேன்.

அவன் நிமிரவில்லை.

"தய்யிப். நீ எப்பலேர்ந்து எனக்கு அரை கிளாஸ் ஊத்துறே?"

"பெருநாள்லேர்ந்து," என்றான். மெதுவாகச் சொன்னான். "பெருநாள் அன்னைக்குக் காலைல ஊத்திக் குடுத்தேன். உன் புதுச் சட்டை மேல கொட்டுச்சு. கிளாஸ் வழுக்குதுன்னு நீ சொன்னே."

"வழுக்கத்தான் செஞ்சுது!"

"சரி, வழுக்குச்சு. அப்புறம் சூப்புக் கிண்ணத்தை மாத்தினேன், கைப்பிடி வெச்சது வாங்கினேன். உனக்கு ஞாபகம் இருக்கா? சாவியை வெச்சுக்கிட்டுப் பூட்டுத் துளையை நீ தேடுறப்ப நான் முன்னாடி வந்து கதவைத் திறந்துடுவேன்."

அடப்பாவி. இவன் கஞ்சன் என்று ஊரெல்லாம் நான் சொல்லி வைத்திருக்கிறேன். என் அக்காவிடம் சொன்னேன், ஹம்மாதியிடம்கூடச் சொன்னேன், எல்லாரும் சேர்ந்து சிரித்தோம். இரண்டு மாதமாக இந்த மனுஷன் கஞ்சன் பட்டத்தைக் கட்டிக்கொண்டு, என் கண்ணுக்கே தெரியாமல் என் கைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஓங்கி ஒன்று வைக்கவும் வேண்டும் போல இருந்தது.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா பைக்கை விட்டு இறக்கி விட்டிருப்பே."

"இப்பவும் இறக்கி விடுவேன். நடந்து வா கைருவானுக்கு." மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "இது லென்ஸ் இல்லேன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே எதுக்கு லீவு போட்டுட்டு வந்தே?"

"தெரியறப்ப நீ தனியா இருக்க வேணாம்னுதான்," என்றான்.

டாக்டரிடம் போக வேண்டும், அது நிச்சயம். திங்கட்கிழமை போகலாம். அவர் என்ன சொல்வாரோ, மாத்திரை கொடுப்பாரோ, அது அவர் பாடு. என்னைக் குடைந்துகொண்டிருந்தது ஞாயிற்றுக்கிழமை. எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது, அதில் ஒன்று மிகவும் சுலபம். தய்யிப் எடுத்த படங்களை ஹம்மாதியிடம் காட்டி, "இதோ பார், புது லென்ஸ் மாட்டினேன், ஊசி மாதிரி வந்துச்சு" என்று சொல்லிவிடலாம். அவன் நம்புவான். ஞாயிற்றுக்கிழமை என்னுடையதாகிவிடும். நினைக்காமல் இருந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், நினைத்தேன். ஆனால் திங்கட்கிழமை பக்கத்தில் எறும்பு ஊர்ந்தால் அப்புறம் அந்த மூலை எனக்கு என்றைக்கும் கிடையாது. அதோடு, தபால்காரன் எடுத்த படத்துக்குக் கீழே என் பெயரா? சீ.

கடைக்காரன் மேஜையைத் துடைக்க வந்தான். இன்னொரு காப்பி கேட்டேன்.

"பாதி ஊத்துங்க," என்றான் தய்யிப், பழக்கத்தில்.

"முழுசா ஊத்துங்க," என்றேன். வந்ததும் முழங்கை இரண்டையும் மேஜையில் ஊன்றி, இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்து, தலையைக் குனிந்து கிளாஸுக்குக் கொண்டுபோனேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. ஆடு தண்ணி குடிக்கிற மாதிரிதான் இருந்திருக்கும். ஆனாலும் குடித்தேன், அடிமண்டி வரைக்கும்.

"மணி என்ன?"

"பதினொண்ணரை."

"எந்திரி. ஒரு கை பாத்துடுறேன்."

முனைப் பக்கம் உயரமான பாறையிலிருந்து வாலிபர்கள் ஏழெட்டுப் பேர் கடலில் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஓடி வந்து, ஒற்றைக் காலில் எம்பி, கையை விரித்து ஆகாயத்தில் ஒரு கணம் நிற்பார்கள். கைப்பந்து ஆட்டக்காரன் எம்புவதும் இதேதான், பந்து ஒன்றுதான் குறைச்சல். உடைந்த கோட்டைச் சுவர் ஒன்று இருந்தது. அதில் முதுகை ஒட்டி உட்கார்ந்தேன். முழங்காலை மடக்கி, அதன் மேல் முழங்கையை ஊன்றினேன். காமிரா வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினேன்.

முதல் நாற்பது படம் குப்பை. சுவர் இருந்தாலும் கை ஆடியது. ஒன்று கவனித்தேன், மூச்சை இழுத்துப் பிடித்தால் ஆட்டம் அதிகமாகிறது. இத்தனை வருடமும் மூச்சைப் பிடித்துத்தான் எடுத்தேன், அப்படித்தான் கற்றுக்கொண்டேன். இப்போது மூச்சை முழுக்க விட்டுப் பார்த்தேன். விட்டு முடிந்த இடத்தில், அடுத்த மூச்சு வருவதற்கு முன்னால், கை ஒரு நொடி அடங்குகிறது. ஒரே ஒரு நொடி. அதற்குள் மூன்று படம் அடிக்கலாம். சிக்கல் என்னவென்றால், குதிக்கிறவன் என் மூச்சைக் கேட்டுக்கொண்டு குதிப்பதில்லை. ஆகவே அவனுடைய ஓட்டத்தைப் பார்த்து என் மூச்சை அளக்க வேண்டும். நாலாவது அடியில் விட ஆரம்பித்தால் எம்பும்போது சரியாக இருக்கும். லென்ஸைத் திருகி அருகே இழுப்பதையும் தள்ளுவதையும் விட்டுவிட்டேன். ஒரே அளவில் வைத்து, ஆள் அந்த இடத்துக்கு வரும்வரை காத்திருந்தேன்.

"அந்தச் சிவப்பு டிராயர்காரனை இன்னொரு தடவ குதிக்கச் சொல்லு!" என்று தய்யிப்பை விரட்டினேன். அவன் பாறைக்கும் எனக்கும் நடுவே வியர்க்க விறுவிறுக்க ஓடினான்.

"அக்கா, நீங்க யாரு, பத்திரிகையா?" என்று பாறை மேலிருந்து ஒருவன் கேட்டான்.

"ஆமா! வயித்தை எக்கிக்கிட்டுக் குதி!" என்று கத்தினேன்.

வெயில் உச்சிக்கு வந்தது. உட்கார்ந்த இடம் சுட்டது, கழுத்து பிடித்துக்கொண்டது. மூன்று லென்ஸையும் மாற்றி மாற்றிப் போட்டேன். புதியது அழகுதான், ஆனால் முன்பக்கம் கனம், கனம் கூடினால் ஆட்டம் கூடுகிறது. கல்யாண லென்ஸின் வளையம் இறுக்கம், திருகினால் கை நடுங்கிப்போகிறது. என் பழையது கையில் உட்காருகிற இடத்தில் ரப்பர் என் விரலுக்குத் தேய்ந்து குழிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் விரல் அங்கே போகும். கடைசி நூறு படத்தையும் அதில்தான் எடுத்தேன்.

பன்னிரண்டேமுக்காலுக்கு நிறுத்தினேன். ஹாஜி லென்ஸ்களை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். நக்கவில்லை.

"எது வேணும்?" என்றார்.

"எதுவும் வேணாம் ஹாஜி. என்னோடது நல்லாத்தான் இருக்கு."

"காலைலேர்ந்து வெயில்ல காஞ்சு இதைத்தான் கண்டுபுடிச்சியா?"

"இதைத்தான் கண்டுபுடிச்சேன்."

கடைக்கு எதிரே நிழலில் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். சலுகையே கிடையாது, குதிக்கிறவன் பாதத்திலிருந்து தெறித்த தண்ணீர்ச் சொட்டு தனித்தனியாகத் தெரிந்தால்தான் சேர்த்தி. பார்த்து முடித்ததும் ஹம்மாதிக்குப் போன் போட்டேன். கை ஆடியதால் இரண்டு தடவை தப்பான எண் போனது. தய்யிப் கையை நீட்டினான், கொடுக்கவில்லை. மூன்றாவது தடவை நானே சரியாகப் போட்டேன்.

"சொல்லு நஜுவா. லென்ஸா?"

"லென்ஸ் இல்ல. என் கைதான் ஆடுது."

அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

"அல்லாஹ் குணமாக்குவான்," என்றான். குரல் இறங்கிப் போயிருந்தது. "பாரு, இங்க படம் பொறுக்குறதுக்கு உன்னளவு கண்ணுள்ள ஆள் யாரும் இல்ல. ஜன்னலோர மேஜையை உனக்கு…"

"ஜன்னலை நீயே வெச்சுக்கோ. எம்பிக் குதிக்கிற ஆளுங்களை முன்னூத்திப் பன்னெண்டு படம் எடுத்தேன், ஹால்ல வைக்கிற அதே வேகத்துல. இருபத்திமூணு தேறிச்சு."

"மீதி?"

"குப்பை."

"நஜுவா, இது இறுதி ஆட்டம். முன்னூறுக்கு இருபத்திமூணை நம்பி நான் எப்படி…"

"கடைசி நூறுல மட்டும் பதினாறு. அதையும் கேட்டுக்கோ. இப்ப நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. திங்கக்கிழமை பக்கத்துல நீ எத்தனை படம் போடுவே?"

பேனாவை எடுத்து மேஜையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"வாயத் தொறந்து சொல்லு ஹம்மாதி."

"ஒண்ணு," என்றான்.

நான் காத்திருந்தேன். இத்தனை வருடத்தில் அவனிடம் நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"பந்தயப்படி பாத்தா நீ தோத்துட்டே," என்றான். "அனிஸைப் போகச் சொல்லத்தான் போறேன். ஆனா ஹாலுக்குள்ள ரெண்டு பேருக்கு பாஸ் வாங்க முடியும். நீயும் போ. ரெண்டு பேரும் கொண்டாங்க. எது நல்லா இருக்கோ அதைத்தான் போடுவேன், யார் பேருன்னு பாக்க மாட்டேன்."

"பேரைப் பாத்து என்னோடதைப் போட்டேன்னு தெரிஞ்சுது, ஆபீசுக்கு வந்து மேஜையைக் கவுத்துடுவேன்," என்றேன். போனை வைத்தேன்.

தய்யிப் பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். பழைய லென்ஸ் அவன் கையில் இருந்தது.

"என்ன சொன்னான்?"

"இன்னும் நாலு நாள் இருக்கு. வீட்டுக்குப் போனதும் முற்றத்துல நீ ஓடி வந்து எம்பிக் குதிக்கிறே, கையில பந்தோட. நான் சுவர்ல சாஞ்சு எடுக்கணும்."

"எனக்கு முட்டி வலி, நஜுவா."

"எனக்குக் கை ஆடுது. குதி."

"எத்தனை தடவ?"

"முன்னூறு. நாளைக்கு முன்னூறு. அதுக்கு அடுத்த நாளும் முன்னூறு."

அவன் வயிற்றைத் தடவிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். சிரிக்கப்போகிறான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. லென்ஸைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டினான்.

"சரி, எடு வண்டிய," என்றான். "அரை மணி நேரம் லேட்டானா அஞ்சு தடவ குறைச்சுக்குவேன்."